ஆடி மாதத்தில் வன்னிக்கு வரும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

ரொறன்ரோவிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஓகஸ்டில் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு கிழமை, வன்னியில் மூன்று நாள். “வன்னியில் பார்க்க என்ன இருக்கு, பிள்ளைகளுக்கு அலுக்காமல் எங்கே கூட்டிப் போகலாம்” என்று கேட்டிருந்தீர்கள். இதே கேள்வியை வேறு பலரும் கேட்கிறார்கள். அதனால் பதிலைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் இங்கேயே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி, ஆனையிறவு நினைவுச் சின்னம், இரணைமடுக் குளம், சுண்டிக்குளத்துப் பூநாரை, முல்லைத்தீவுக் கடற்கரை. எல்லாம் சரிதான், ஒன்றுக்கும் மாதம் மட்டும் போடவில்லை. சீட்டு வாங்கி உள்ளே போய், சுற்றிப் பார்த்து, மறுவாசலால் வெளியே வருகிற இடங்கள் வன்னியில் மிகக் குறைவு. இங்கே இருப்பவை கடல், களப்பு, குளம், காடு. நாலும் மழைக்கும் காற்றுக்கும் ஏற்ப ஆளே மாறிப்போகும். மார்கழியில் வள்ளம் போன இடத்தில் ஆடியில் மாடு மேயும். எங்கே போவது என்பதைப் பிறகு பார்க்கலாம். எந்த மாதம், யாரோடு என்பதை முதலில் கேட்க வேண்டிய ஊர் இது.

பூநாரையிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் மகள் அதைத்தான் பார்க்கக் காத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். ஆனையிறவிலிருந்து கிழக்கே நீண்டு கிடக்கும் ஆழமில்லாத உப்புக் களப்பு சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2015இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். மாரி மழை விழுந்து களப்பில் கணுக்கால், முழங்கால் அளவு தண்ணீர் ஏறினால்தான் பூநாரைக்கு அங்கே இரை. நீங்கள் வரும் ஓகஸ்டில் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் வற்றியிருக்கும். உப்புப் பூத்த தரை, உமரிப் பற்றை, தூரத்தில் கானல். எனக்கு அந்த வெறுமை பிடிக்கும்; பூநாரை என்று சொல்லிக் கூட்டி வந்த பத்து வயதுப் பிள்ளைக்குப் பிடிக்காது. வீணாக ஆசை காட்டாதீர்கள். தை, மாசியில் வர வாய்த்தால் விடியவே போய்ப் பாருங்கள். அப்போது சுண்டிக்குளத்துக்கு வேறு எந்த இடமும் ஈடில்லை.

ஓகஸ்டில் கிடைப்பது வேறு. வாடைக்காற்றுக் காலத்தில், அதாவது கார்த்திகை தொடங்கித் தை வரை, முல்லைத்தீவுக் கடல் ஆளை அண்ட விடாது. சோளகம் வீசும் மாதங்களில் கிழக்குக் கரை கொஞ்சம் அடங்கும். கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். இரணைமடுவின் கீழ்ச் சிறுபோகம் அறுவடைக்கு வரும் நேரம். பாலைப்பழம் முடிகிற காலம். அதிட்டம் இருந்தால் வழியில் கிடைக்கலாம். சாப்பிட்டால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகளுக்கு அதுவே பெரிய விளையாட்டு. ஓகஸ்ட் 15இல் மடு மாதாவின் திருவிழா. மடு மன்னார் மாவட்டத்தில் இருந்தாலும் அந்தக் காடு வன்னிக் காடுதான். தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, மரங்களுக்குக் கீழே கூடாரம் போட்டு, சமைத்துச் சாப்பிட்டு நாள்கணக்கில் இருப்பார்கள். காட்டில் ஓர் இரவு தங்கவேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், இந்த நாட்டில் அதற்கு இதைவிடப் பழகிய இடம் இல்லை.

இனி உங்கள் பட்டியலின் தலைப்பில் இருக்கும் தண்ணீர்த் தாங்கி. கொஞ்சம் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வன்னி சனங்கள் வீடு திரும்ப முன்னரே வன்னி சுற்றுலாத் தலமாகிவிட்டது. 2009 மே மாதம் போர் முடிந்தது. சனங்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்தார்கள். அந்த முகாம் கடைசியாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அந்த இடைவெளியில் தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து ‘பார்த்துவிட்டு’ப் போனார்கள். கிளிநொச்சி நகரில் குண்டு வைத்துச் சாய்க்கப்பட்ட தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி அழகுபடுத்திப் பக்கத்தில் நினைவுப்பொருள் கடையும் வைத்தார்கள். புதுக்குடியிருப்புக் காட்டுக்குள் பிரபாகரனின் நிலக்கீழ் வீடு காட்சிக்கு இருந்தது. முல்லைத்தீவுக் கரையில் ‘ஃபாரா 3’ என்ற ஜோர்தானியக் கப்பலின் துருப்பிடித்த உடல் கிடந்தது. இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு அரிசி ஏற்றிப் போகும் வழியில் 2006 டிசெம்பரில் இயந்திரம் பழுதாகி ஒதுங்கிய கப்பல் அது. அதற்கு முன்னால் நின்று படம் எடுக்காதவர் இல்லை.

அவற்றில் அனேகமானவை இன்று இல்லை. நிலக்கீழ் வீட்டை 2013 ஒக்டோபரில் இராணுவமே வெடி வைத்துத் தகர்த்தது. கப்பலை இரும்புக்கு வெட்டினார்கள். காட்சிப்பொருள் தீர்ந்ததும் பேருந்துகளும் குறைந்தன. இப்போது அதிகம் கண்ணில் படுபவை படை எழுப்பிய வெற்றிச் சின்னங்கள். கிளிநொச்சியில் சன்னம் துளைத்த கற்கட்டி ஒன்றிலிருந்து தாமரை மலர்கிறது. ஆனையிறவில் கைகள் இலங்கைப் படத்தை ஏந்துகின்றன. இரண்டும் ஏ9 வீதியோரத்தில் நிற்பதால் வானை நிறுத்தாமலே தெரியும். அவ்வளவு போதும் என்பது என் எண்ணம். பிள்ளைகள் ‘இது என்ன’ என்று கேட்டால் யார் கட்டியது, எப்போது கட்டியது என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவர்களே கேட்பார்கள்.

வானை ஏ9இலிருந்து கிழக்கே திருப்புங்கள். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். முக்கால்வாசிக் காடும் குளமும் வயலுமாக வரும் இந்த வீதியைத்தான் நான் வன்னியின் நல்ல வீதி என்பேன். விடியற்காலையில் வந்தால் மயிலும் குரங்கும் நிச்சயம். யானையும் வரலாம், வந்தால் ஒலிப்பான் அடிக்காமல், இறங்காமல், அது போகும்வரை நில்லுங்கள். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீசுவரர் கோவில். அதற்குப் பக்கத்தில் கற்சிலைமடு. 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் கோட்டையை வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் தாக்கிப் பிடித்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் டிறிபேர்க் அவனை இங்கே தோற்கடித்தான். தோற்கடித்த இடத்தில் ஆங்கிலேயர் தங்கள் வெற்றிக்குக் கல் நாட்டினார்கள். இன்று அங்கே வருகிற ஒருவரும் டிறிபேர்க்கைத் தேடி வருவதில்லை. தோற்றவனுக்கு வவுனியா நகரில் சிலை, ஆண்டுதோறும் மாலை, முல்லைமணியின் நாடகம் அவனைப் பள்ளிக்கூட மேடைகளுக்கும் கொண்டுபோனது.

இந்தப் பக்கத்துக்கு வர முன்னர் ஒரு புத்தகம் வாசியுங்கள். அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. 1973இல் வந்த நாவல், களம் தண்ணிமுறிப்பு. காட்டையும் குளத்தையும் நம்பி வாழ்ந்த குடிகள் எப்படிக் கதைத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்தத் தண்ணிமுறிப்புக்குப் பக்கத்தில்தான் குருந்தூர்மலை. தொல்லியல் இடம், ஆதிசிவன் வழிபாடு நடந்த இடம், இப்போது புதிதாக எழுந்த விகாரையும் அங்கே நிற்கிறது. அது பற்றிய வழக்குகளை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி 2023 செப்டெம்பரில் உயிர் அச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவி விலகி நாட்டைவிட்டே போனார். ஏறிப் பார்க்கலாம். ஆனால் ஊர்க்காரர் ஒருவரோடு ஏறுங்கள்.

முள்ளியவளை கடந்தால் வற்றாப்பளை. உங்கள் பட்டியலில் இது இல்லாதது எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் வன்னியில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க நேரம் உண்டு என்றால் நான் இதைச் சொல்வேன்.

நந்திக்கடலின் கரையில் கண்ணகி அம்மன் கோவில். மதுரையை எரித்த கோபத்தோடு ஈழத்துக்கு வந்த கண்ணகி இந்தக் களப்புக் கரையில் ஒரு கிழவியின் வடிவில் வந்து இருந்தாளாம். மாடு மேய்த்த பொடியன்கள் அவளுக்குப் பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டு விளக்கு வைக்க எண்ணெய் இல்லை. ‘கடல் தண்ணியை விட்டு எரியுங்கோ’ என்றாளாம். எரிந்ததாம். தலையில் பேன் பார்க்கச் சொன்னபோது தலை முழுக்கக் கண்களைக் கண்டு பொடியன்கள் திகைத்தார்கள் என்று கதை போகிறது. இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கடலில் போய்த் தீர்த்தம் எடுத்து வருகிறார்கள். முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோவிலில் அந்தக் கடல்நீரை வைத்து விளக்கு எரிக்கிறார்கள். பிறகு அது வற்றாப்பளைக்குப் போகிறது. பொங்கல் இரவில் மாவட்டம் முழுக்க அங்கேதான் நிற்கும். எண்ணெய் இல்லாத வீட்டிலும் விளக்கு எரியும் என்ற நம்பிக்கை, உப்பு நீரைத் தவிர வேறு சொத்து இல்லாத கரையோரச் சனங்களிடம் பிறந்தது எனக்கு அதிசயமாகத் தெரியவில்லை.

ஓகஸ்டில் பொங்கல் இல்லை. கோவில் அமைதியாக இருக்கும், களப்பின் காற்று உள்ளே வரும். பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அங்கே வைத்துச் சொல்லுங்கள். நடக்க விரும்பும் பிள்ளை என்றால் இன்னொன்றும் சொல்லலாம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்கள் வற்றாப்பளைப் பொங்கலுக்கு இங்கே வந்து சேர்ந்து, பிறகு கிழக்குக் கரையோரமாகத் திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை, யாலைக் காடு என்று போவார்கள். முழுவதும் நடப்பவர்களுக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் பிடிக்கும். வெளிநாட்டில் நெடுநடைப் பாதை என்று வரைபடம் போட்டு விற்கிறார்களே, இந்தக் கரையில் அது வரைபடமே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. போர் நடந்த ஆண்டுகளில் வன்னித் துண்டு அறுந்து போனது. போருக்குப் பிறகு திரும்பவும் நடக்கிறார்கள். விடுதி கிடையாது, கோவில் மண்டபம்தான் படுக்கை. சோறு வழியிலுள்ள ஊர்கள் போடும். உங்கள் மகன் வளர்ந்து ஒருநாள் இதை நடந்தால் எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

வற்றாப்பளையிலிருந்து களப்பின் மேற்குக் கரையால் போனால் கேப்பாப்பிலவு. தங்கள் சொந்தக் காணியைப் படையிடம் கேட்டு அந்த ஊர்ச் சனங்கள் 2017இல் வீதியோரம் கொட்டகை போட்டு இருந்தார்கள். படை கொஞ்சம் விட்டது, எல்லாம் விடவில்லை. நந்திக்கடல் பக்கமாக இராணுவம் 2012இல் ஒரு விடுமுறை விடுதியும் திறந்தது. இணையத்தில் அறை தேடினால் அதன் படம் வரும். களப்புக் காட்சி அழகாகத்தான் இருக்கும். நான் அங்கே தங்கமாட்டேன். நீங்கள் தங்குவதும் தங்காததும் உங்கள் மனம். ஆனால் அது எந்தக் கரை என்று தெரிந்த பிறகு முடிவெடுங்கள்.

வட்டுவாகல் பாலம், முள்ளிவாய்க்கால். இதைத்தான் கடிதத்தில் கடைசி வரியாக, கேட்கத் தயங்கிக் கேட்டிருந்தீர்கள்: பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று.

போகலாம். போக வேண்டும் என்றே சொல்வேன். 2009 மே நடுப்பகுதியில் உயிரோடு மிஞ்சிய சனங்கள் முள்ளிவாய்க்காலிலிருந்து நந்திக்கடலைக் கடந்து படையின் பக்கம் வந்தது இந்த ஒடுங்கிய பாலத்தால்தான். ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, கடைசி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்றது. பாலத்தில் வானை நிறுத்தி இறங்கிப் படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் இறால் பிடிக்கிறவர்களும் அதே இடத்தில்தான் நிற்பார்கள். அவர்களில் பலர் அன்று அந்தப் பாலத்தால் நடந்தவர்கள். அவர்களைப் படம் எடுக்க முன்னர் ஒரு வார்த்தை கேளுங்கள். முள்ளிவாய்க்கால் நினைவிடத்தில் மே 18 நினைவு நாள் தவிர மற்ற நாட்களில் கூட்டம் இருக்காது. விளக்கம் சொல்ல ஆளும் இருக்கமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். சின்னவனுக்கு உப்புக் கஞ்சியைப் பற்றிச் சொன்னால் போதும்: அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும், வரிசையில் நின்று வாங்கியது, அந்த வரிசையிலும் எறிகணை விழுந்தது. பெரியவளுக்கு மிச்சம் சொல்லலாம். அன்றைய நாளுக்கு வேறு இடம் வைக்காதீர்கள். அங்கிருந்து நேரே கடலுக்குக் கூட்டிப் போங்கள், ஓடி விளையாடட்டும்.

முல்லைத்தீவுக் கடற்கரை நீளமானது, வெறுமையானது, நிழல் இல்லாதது. சாப்பாட்டுக் கடை வரிசை, சாய்கதிரை, குடை எதையும் எதிர்பார்க்காதீர்கள். கரையிலிருந்து சில அடி போனதும் ஆழம் இறங்கும் இடங்கள் உண்டு, திரும்பும் அலை காலை வாரும். குளிக்க முன்னர் வலை பின்னிக்கொண்டிருக்கும் யாரிடமாவது ‘அண்ணை, இதில இறங்கலாமோ’ என்று கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான். இதே கடல் 2004 டிசெம்பர் 26 காலையில் ஊருக்குள் வந்து இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் அவர்கள் கரையை விட்டுப் போகவில்லை.

கரைவலை பார்க்க விடியற்காலையில் போக வேண்டும். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். பெரிய வளைவாக வலையை இறக்கிக்கொண்டு தள்ளி ஓர் இடத்தில் மறு கயிற்றோடு கரை தட்டும். பிறகு இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாகப் பிடித்துப் பின்புறமாக நடந்து இழுப்பார்கள். இரு வரிசையும் மெல்ல மெல்ல நெருங்கும், கடைசியில் வலையின் மடி கரைக்கு வரும். அதற்குள் என்ன இருக்கிறது என்று மடி ஏறும்வரை வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் தெரியாது. உங்கள் பிள்ளைகளும் கயிறு பிடிக்கலாம், யாரும் மறுக்கமாட்டார்கள். சில இடங்களில் இப்போது ஆட்களுக்குப் பதிலாக உழவு இயந்திரம் இழுக்கிறது. அது கடலின் அடியையும் கூலியையும் சேர்த்து வழித்துக்கொண்டு போகிறது என்று இழுத்துப் பழகியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

நேரம் இருந்தால் தெற்கே நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய் வரை போய் வாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல் நாக்கு. கொக்கிளாய்க் களப்பு 1951இலிருந்து பறவைகள் சரணாலயம். அழகென்று பார்த்தால் வன்னியின் மிக அழகான கரை இதுதான். வரலாறென்று பார்த்தால் மிகவும் காயப்பட்டதும் இதுதான். 1984 டிசெம்பரில் இந்த ஊர்களின் தமிழர் எல்லாரும் ஒரேயடியாக வெளியேற்றப்பட்டார்கள். திரும்பி வர கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. வந்து பார்த்தால் தொடுவாயில் வேறு ஆட்களின் மீன்வாடிகள். 2018 ஓகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடிகள் தீவைக்கப்பட்டன. வள்ளம், வலை, இயந்திரம் எல்லாம் எரிந்தன. 2023 ஜூன் கடைசியில் கொக்குத்தொடுவாயில் குடிதண்ணீர்க் குழாய் புதைக்க வீதியோரம் கிண்டியபோது மனித எலும்புகள் வந்தன. அடுத்த ஆண்டு அகழ்வு முடியும்போது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. கடற்கரைக்குப் போகிற அதே வீதி. நான் இதைச் சொல்வது உங்கள் விடுமுறையைக் கெடுக்க அல்ல. அந்த வீதியில் தேத்தண்ணிக் கடைக்காரர் கொஞ்சம் குறைவாகக் கதைத்தால் ஏன் என்று உங்களுக்கு விளங்க வேண்டும்.

இரணைமடுவுக்கு மாலையில் போங்கள், குளக்கட்டில் நடக்க. 1885இல் ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேய நீர்ப்பாசனப் பொறியியலாளர் இதற்குத் திட்டம் சொன்னார், 1902இல் வேலை தொடங்கியது. கனகராயன் ஆறு கொண்டுவரும் தண்ணீர்தான் கிளிநொச்சியின் நெல். மாரியில் வான் கதவு திறக்கும் நாளில் ஊரே வந்து நிற்கும். 2018 டிசெம்பரில் எல்லாக் கதவுகளையும் திறந்தபோது கீழே ஊர்கள் வெள்ளத்தில் நின்றன. ஓகஸ்டில் தண்ணீர் இறங்கி அலைகரை அகன்று கிடக்கும், மாட்டுப் பட்டிகள் நிற்கும், கொக்கும் நாரையும் சேற்றில் மேயும். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வருவதால் ஒன்று சொல்கிறேன்: இந்தத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் ஒன்று இருந்தது. கமக்காரர் மறித்தார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறந்தது. குளக்கட்டில் நிற்கும் கமக்காரரோடு கதைக்க இதைவிட நல்ல பேச்சு கிடையாது, ஒரு மணித்தியாலம் போவதே தெரியாது.

மூன்றாம் நாள் யாழ்ப்பாணம் திரும்பும்போது ஏ9இல் போகாமல் பூநகரியால் போங்கள். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்த பிறகு அது சுருக்கமான வழி. பூநகரியில் ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையின் இடிபாடு இருக்கிறது. கௌதாரிமுனையில் மணல் மேடுகளும் மண்ணித்தலையில் சோழர் காலக் கட்டடக் கலையின் சாயல் கொண்ட பழைய சிவன் கோவிலும் உள்ளன. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இந்தப் பிரதேசத்தைக் கால் தேய நடந்து ஆராய்ந்து 1993இல் ஒரு நூலே எழுதினார். ஓகஸ்டில் சோளகம் மணலை முகத்தில் அடிக்கும், அதனால் காலையில் போய் வெயில் ஏற முன் திரும்பிவிடுங்கள். மேடுகளில் லொறிக்கு மணல் அள்ளிய பள்ளங்களும் தெரியும். காட்டத்தான் வேண்டும், பிள்ளைகளுக்கு. பூநகரியில் மொட்டைக்கறுப்பன் அரிசி கிடைத்தால் இரண்டு கிலோ வாங்குங்கள், ரொறன்ரோவில் கிடைப்பதைவிட நன்றாக இருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானதை இப்போது சொல்கிறேன். பாதையை விட்டு இறங்கக்கூடாது. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. இலங்கை 2017 டிசெம்பரில்தான் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றி முடிக்கக் கொடுத்த தவணை 2028 ஜூன். பளைக்கு அப்பால் முகமாலைப் பக்கம் வெள்ளையும் சிவப்பும் அடித்த தடிகளும் மண்டையோட்டுப் பலகைகளும் வீதியிலிருந்தே தெரியும். காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் போவதானால் அந்தப் பாதையில் நேற்றுப் போய் வந்த ஒருவர் முன்னால் போகட்டும். விழுந்து கிடக்கும் இரும்பைப் பிள்ளைகள் எடுக்கக்கூடாது. பழம் பொறுக்கப் பற்றைக்குள் நுழையக்கூடாது. இதை வானில் ஏறும்போதே சொல்லுங்கள், இறங்கும்போது திரும்பவும் சொல்லுங்கள்.

இன்னொரு எல்லையும் உண்டு. அதற்குப் பலகை எப்போதும் இருக்காது. 2015இல் சுண்டிக்குளம், மடு வீதி பூங்காக்கள், 2017இல் நந்திக்கடல், நாயாறு ஒதுக்கிடங்கள் என்று வர்த்தமானிகள் வந்தன. காட்டையும் களப்பையும் காப்பது நல்லதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் இடம்பெயர்ந்து போன காலத்தில் பற்றை வளர்ந்த வயலும் தோட்டமும் காடென்று எல்லைக்குள் போனதைப் பல ஊர்கள் சொல்கின்றன. தாத்தா கலப்பை வைத்த காணிக்குப் பேரன் அனுமதி கேட்கிறான். களப்பில் வலை வீசப் பிறந்தவனை அதிகாரி விரட்டுகிறார். பார்க்க வருகிறவருக்குத் தோணி ஓட்ட மட்டும் அதே ஆளைத் தேடுகிறார்கள். பறவை பார்க்கப் போகும் நீங்கள் இந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது. களப்பில் எந்தப் பறவை எங்கே நிற்கும் என்று உங்களுக்குக் காட்டப்போகிறவர் அந்த மீனவர்தான். அவருக்குக் கொடுக்கிற காசில் பேரம் பேசாதீர்கள்.

கடைசியாகக் கொஞ்சம் கணக்கு. கொழும்பிலிருந்து வானும் சாரதியும் பிடித்து வருகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு மாங்குளத்துக்குக் கிழக்கே வீதி தெரியாமல் இருக்கலாம். முல்லைத்தீவில் இரண்டு நாளுக்கு உள்ளூர் ஓட்டோவோ வானோ பிடியுங்கள். வீதி காட்டுவதோடு யாரிடம் என்ன கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். தங்குவதற்கு உள்ளூரவர் நடத்தும் சின்ன விடுதிகள் இருக்கின்றன, ஆடம்பரம் இருக்காது, மீன் குழம்பு இருக்கும். ஏ9 ஓரத்தில் அம்மாச்சி உணவகத்தில் சாப்பிடுங்கள். விவசாயத் திணைக்களம் இடம் கொடுக்க, ஊர்ப் பெண்கள் தாங்களே சமைத்துத் தாங்களே விற்று நடத்துகிறார்கள். குரக்கன் புட்டு, கூழ், உளுந்து வடை எல்லாம் உங்கள் கண்ணுக்கு முன் சுடச்சுட வரும். அங்கே அடுப்படியில் நிற்பவர்களில் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள் பலர். பாலைப்பாணி, தேன், கருவாடு எது வாங்குவதானாலும் யாழ்ப்பாணம் போய்ப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், செய்த கையிலேயே வாங்குங்கள்.

மூன்று நாள் காணாது, தங்கச்சி. யாழ்ப்பாணத்து ஒரு கிழமையில் இரண்டு நாளைக் குறைத்து இங்கே கூட்டுங்கள். அங்கே சொந்தக்காரர் கோபித்தால் என் பேரைச் சொல்லுங்கள். வரும் திகதி முடிவானதும் எழுதுங்கள். கரைவலை எந்தத் துறையில் ஓடுகிறது என்று அந்தக் கிழமை விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்